வீட்டில் பாம்பு வளர்க்க லைசென்ஸ் கிடைக்குமா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி மாதம். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், என்னிடம் முன்பு உயிரியல் படித்த பையன் ஒருவன் பைக்கின் முன்பக்கம் பெயின்ட் வாளி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டம் அவனுக்கு. விடியற்காலையில் பால் வெட்டப் போனபோது, சிரட்டைகளைக் குவித்து வைத்திருந்த மூலையில் கிடந்ததாம். வாளி மூடியில் ஆணியால் குத்திய ஏழெட்டு ஓட்டைகள். திறந்து பார்த்தேன். இரண்டடி நீளம்கூட வராத மலைப்பாம்புக் குட்டி. தலையைத் தன் சுருளுக்கு அடியிலேயே புதைத்து வைத்திருந்தது.

“சார், இதை வளர்க்க லைசென்ஸ் எங்கே எடுக்க வேண்டும்?”

“எங்கேயும் கிடைக்காது மக்களே” என்றேன். அவன் நம்பவில்லை. நாய்க்கு உண்டு, துப்பாக்கிக்கு உண்டு, பாம்புக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று அவன் முகமே கேட்டது. அன்று திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஆசைக்காக வளர்க்க நினைப்பவர், பள்ளிக் கண்காட்சியில் வைக்க நினைப்பவர், ஏற்கெனவே ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு முழிப்பவர் ஆகிய மூவருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: பாம்பு எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் இயல்பாக வாழும் இனம் என்றால் ஒரு சட்ட வழி. வெளிநாட்டு இனம் என்றால் வேறு வழி, அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “இது பர்மா மலைப்பாம்பு, வெளிநாட்டுச் சரக்கு, பயப்படாதீர்கள்” என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பர்மா மலைப்பாம்பு நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் இயல்பாகவே வாழ்கிறது. ஆகவே அதுவும் நம் பாம்புதான். பெயரில் பர்மா இருப்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை வயல், தோப்பு, மலை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் மட்டும் 402 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் காட்டின் விளிம்பிலேயே ரப்பர் தொடங்கிவிடுகிறது. எனவே கைக்கு அகப்படும் பாம்பு நூற்றுக்கு நூறு உள்நாட்டு இனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அது எந்த அட்டவணை?

சட்டத்தின் பெயர் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதைப் பெரிதாக மாற்றி எழுதிய 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரித்துச் சொல்லும் பட்டியல்களைத்தான் அதில் அட்டவணை என்கிறார்கள். முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன. இப்போது நான்கு. முதல் இரண்டும் விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வரும் உயிரினங்களுக்கு. இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகள் பலவும் இன்னும் ஆறு அட்டவணைக் கணக்கிலேயே பேசுகின்றன. அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

முதல் அட்டவணையில் மலைப்பாம்பு, ராஜநாகம், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவை இருக்கின்றன. மேற்கே விளவங்கோடு பக்கத்தில் கண்ணாடி விரியனை அணலி என்றும் சொல்வார்கள். பலரும் எதிர்பார்க்காத பெயர் ஒன்றும் அதில் உண்டு: சாரை. விஷமே இல்லாத, எலி பிடித்து நமக்கு நெல்லை மிச்சப்படுத்தித் தரும் அதே சாரை, புலி இருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது. “சாரைதானே” என்று சொல்லிக் கம்பை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்டனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றம் என்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பாம்பை ஏற்றிச் சென்ற வண்டியையும் பறிமுதல் செய்யலாம். பையன் அந்த இடத்தில்தான் ஒருமுறை திரும்பித் தன் பைக்கைப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாம் படி: “நான் வேட்டையாடவில்லையே” என்ற எண்ணத்தை விடுங்கள்

வேட்டை என்றால் நமக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் நினைவுக்கு வரும். இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மிகப் பெரிது. கொல்வது வேட்டை. பிடிப்பது வேட்டை. பொறி வைப்பது வேட்டை. காயப்படுத்துவது வேட்டை. பாம்பின் முட்டையைக் கலைப்பதும் வேட்டைதான். பிரிவு 9 அதைத் தடை செய்கிறது.

அதற்கடுத்து பிரிவு 39. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்த காட்டு உயிர் அரசின் சொத்து. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதை யாரும் கையில் வைத்திருக்கவோ, கொடுக்கவோ, வாங்கவோ கூடாது. செத்துக் கிடந்ததும் அப்படியே. பேச்சிப்பாறைச் சாலையில் வண்டி ஏறிச் செத்த பாம்பை எடுத்து ஃபார்மலின் ஜாடியில் போட்டு ஆய்வகத்தில் அடுக்கலாம் என்று நினைக்கும் ஆசிரியர் நண்பர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

பிரிவு 57 என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக ஒருவர் குற்றவாளி என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. இங்கே உங்கள் வசம் உயிரினம் இருந்தது என்று நிறுவிவிட்டால், அது சட்டப்படிதான் வந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது.

“தாத்தா காலத்துச் சான்றிதழ் இருக்கிறது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வளர்ப்பில் இருந்த காட்டு உயிர்களுக்கு உரிமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு சட்டத்தில் இருந்தது உண்மை. 2003இல் கடைசியாக ஒரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் குறிப்பிட்ட அந்த ஒரு விலங்குக்கு மட்டுமே. 2003இல் பதிவான பாம்பு இன்று உயிரோடு இருந்தால் அதற்கு இருபது வயது தாண்டியிருக்க வேண்டும். பழைய தாளைக் காட்டிப் புதிய பாம்பை வளர்க்க முடியாது.

அப்படியானால் சர்ப்பக்காவு? கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளின் கன்னிமூலையில் இன்றும் காவு இருக்கிறது. நாகர் சிலை, சுற்றிலும் வெட்டப்படாத மரங்கள், அந்தியில் ஒரு விளக்கு. அங்கே பாம்பு வந்து போவது வளர்ப்பு ஆகாது. நாகராஜா கோயிலின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டவர்கள் நாம். ஆவணி ஞாயிறுகளில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்ற நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், பாம்பைச் சிறை வைக்காமலேயே அதனோடு எப்படி உறவு வைத்துக்கொள்ளலாம் என்று. அது தானாக வருகிறது, தானாகப் போகிறது. அதன் வழியை அடைத்துக் கூண்டு வைத்தால்தான் குற்றம். பாலைச் சிலைக்கு ஊற்றுங்கள், உயிருள்ள பாம்பின் வாயில் ஊற்றாதீர்கள். அதற்குப் பால் செரிக்காது.

நான்காம் படி: ஏற்கெனவே கையில் இருந்தால் 48 மணி நேரம்

வாளிக்காரப் பையனுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது இந்தப் படிதான்.

அரசின் சொத்தான உயிரினம் எந்த வழியிலாவது ஒருவர் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அவன் காலை ஐந்தரைக்குப் பிடித்தான் என்றால் அந்த நொடியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

நான் சொல்லும் நடைமுறை இது. முதலில் தொலைபேசியில் வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். நம் மாவட்டத்தில் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று சரகங்கள் இருக்கின்றன. எது உங்களுக்குரியது என்று தெரியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கூப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து எடுப்பார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். சொல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில் சோதனையில் மாட்டினால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதற்கு உங்கள் வாயைத் தவிர வேறு சாட்சி இருக்காது. ஒப்படைத்ததும் ஒரு வரியாவது எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடித்ததே தவறுதானே என்று அதிகாரி கேட்கலாம். கேட்பார். ஆனால் அன்றே தானாக முன்வந்து சொன்னவரையும், மூன்று மாதம் தொட்டியில் வைத்து வீடியோ எடுத்துப் போட்டுவிட்டுப் பிடிபட்டவரையும் யாரும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள்.

தெரியாத இடத்தில் நீங்களாகவே கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். மண்டைக்காட்டில் பிடித்த பாம்பைக் கீரிப்பாறைக் காட்டில் விட்டால் அது பிழைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஐந்தாம் படி: காட்சிக்கு வைக்க வேண்டுமா?

பாம்பைப் பொதுமக்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் பலவகை. கொடை விழாவில் கூட்டம் சேர்க்க நினைப்பவர், ஓட்டல் வாசலில் கண்ணாடித் தொட்டி வைக்க நினைப்பவர், கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுத்துத் தர நினைப்பவர், அப்புறம் என்னைப் போல பள்ளிக் கண்காட்சிக்காரர்.

முதல் மூவருக்கும் பதில் சுருக்கமானது. பொதுமக்கள் பார்க்க உயிரினங்களை அடைத்து வைக்கும் எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் உயிரியல் பூங்கா. அது ஓரிடத்தில் நின்றாலும் சரி, ஊர் ஊராகப் போனாலும் சரி. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் அதை நடத்த முடியாது. தொடங்குவதற்கே அதன் முன் அனுமதி வேண்டும். சென்னை கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணை அப்படி அங்கீகாரம் பெற்று நடப்பது. கூண்டின் அளவு, கால்நடை மருத்துவர், பதிவேடு என்று அவர்கள் கேட்கும் பட்டியலைப் பார்த்தால் ஓட்டல்காரர் மீன் தொட்டியே போதும் என்று திரும்பிவிடுவார்.

சிறுவயதில் வடசேரிச் சந்தைக்குப் போனால் மகுடி ஊதுபவரைச் சுற்றி நாங்கள் வட்டமாக நிற்போம். கூடையைத் திறந்ததும் நல்ல பாம்பு படம் எடுக்கும். அதன் வாய் தைக்கப்பட்டிருக்கும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பாம்பு ஆடுவது இசைக்காக இல்லை, கண்முன் அசையும் மகுடியைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. இன்று அந்தக் கூடையைத் திறப்பதே குற்றம்.

பள்ளிக்காரர்களுக்கு வருகிறேன். சட்டத்தில் உங்களுக்கு ஒரு சிறிய கதவு இருக்கிறது. பிரிவு 12. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, பூங்கா அல்லது அருங்காட்சியகத்துக்கான சேகரிப்பு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்தல் போன்ற காரணங்களுக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் சிறப்பு அனுமதி தரலாம். அதைப் படித்தவுடன் துள்ளிக் குதிக்காதீர்கள். முதல் அட்டவணை உயிர் என்றால் அவர் ஒன்றிய அரசின் முன் அனுமதி பெற்ற பிறகே தர முடியும். மற்றவற்றுக்கு மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். ஒரு சாரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட டெல்லி வரை கோப்பு போக வேண்டும் என்று பொருள்.

இருந்தாலும் விண்ணப்பிக்கத்தான் போகிறேன் என்றால், நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலர் வழியாகச் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதுங்கள். எந்த இனம், எத்தனை, எங்கிருந்து, எத்தனை நாள், யார் கையாள்வார், அவருக்கு என்ன தகுதி, பார்வையாளர் எவ்வளவு தொலைவில் நிற்பார்கள், கடித்தால் எந்த மருத்துவமனை, முடிந்ததும் எங்கே விடுவது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். உயிருள்ள பாம்பு இல்லாமல் இந்தப் பாடத்தை ஏன் நடத்த முடியாது என்ற ஒரு பத்தியும் வேண்டும். அந்தப் பத்தியை எழுதும்போதுதான் எனக்குப் பேனா நின்றுபோனது.

பல ஆண்டுகளுக்கு முன், கண்காட்சிக்கு இரண்டே வாரம் இருக்கும்போது நான் மனுவோடு போய் நின்றேன். அங்கிருந்த வனவர் சிரித்துவிட்டு, “சார், உங்கள் பிள்ளைகளுக்கு மண் பிசையத் தெரியுமா?” என்று கேட்டார். எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் குயவர் வீடு இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நால்வர் களிமண்ணில் கண்ணாடி விரியன் செய்தார்கள். உடலில் மூன்று வரிசையாகச் சங்கிலி போல வரும் அந்தப் பழுப்பு வட்டங்களை, பேனா மூடியை அழுத்தி அழுத்திப் பதித்தார்கள். எத்தனை வட்டம், எவ்வளவு இடைவெளி என்று படத்தை வைத்து எண்ணினார்கள். கூண்டில் இருந்த பாம்பை எட்ட நின்று பார்த்திருந்தால் ஒருத்தியும் அதை எண்ணியிருக்க மாட்டாள்.

இன்னொரு வழி, அக்டோபர் முதல் வாரத்தில் வரும் வன உயிரின வார விழா. அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வனத்துறைக்கு எழுதி, வகுப்பெடுக்க ஆள் அனுப்புவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். உதயகிரிக் கோட்டையில் உள்ள பல்லுயிர்ப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதும் நல்லதுதான்.

விஷம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசின் அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அது ஒரு சமூகத்தின் தலைமுறை அறிவுக்கும் மருந்துத் தேவைக்கும் கிடைத்த அனுமதி. “அவர்களுக்குக் கொடுத்தார்களே” என்று அதைச் சுட்டிக்காட்டித் தனி ஆள் கேட்க முடியாது.

ஆறாம் படி: வெளிநாட்டுப் பாம்பு என்றால்

ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு போன்றவை நான்காம் அட்டவணையில் வருகின்றன. இவற்றை வைத்திருப்பது குற்றமில்லை, பதிவு செய்யாமல் வைத்திருப்பதுதான் குற்றம். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, அப்போது கையில் வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள், அதாவது 2024 ஆகஸ்ட் 28க்குள், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் பிறகு வாங்குகிறவர்கள் வாங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். முட்டை பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் விண்ணப்பம் போய்ச் சேருவது அதே தலைமை வன உயிரினக் காப்பாளரிடம்தான்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பாம்பு எப்படி இந்தியாவுக்குள் வந்தது? இறக்குமதி உரிமமும் பன்னாட்டு அனுமதிச் சீட்டும் இருந்தால் நகல் தருவார். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே” என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இருதலை மணியன் என்கிற மண்ணுளிப் பாம்பு கோடி ரூபாய்க்குப் போகும் என்று யாராவது வந்தால் இன்னும் வேகமாகக் கிளம்புங்கள். அது உள்நாட்டுப் பாம்பு, அதற்கு இரண்டு தலையும் இல்லை, அந்தக் கோடியும் புரளி.

ஏழாம் படி: வீட்டுக்குள் வந்துவிட்டால்

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தற்காப்புக்காக நல்ல எண்ணத்தோடு காயப்படுத்துவதோ கொல்வதோ குற்றமில்லை என்று பிரிவு 11 சொல்கிறது. ஆனால் ஓடி ஒளிந்த பாம்பை நாலு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டித் தேடி அடிப்பது தற்காப்பில் சேராது. எட்ட நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். தீயணைப்புக்கு 101.

பிடிக்க ஆள் வந்தால், வனத்துறையின் அனுமதியோடு வருகிறாரா என்று கேட்பதில் தவறில்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பாம்பு பிடிப்பவர்களுக்கு அம்மாநில வனத்துறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. ‘சர்ப்பா’ என்ற செயலியும் வைத்திருக்கிறார்கள். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குள் வந்துவிட்டால் அந்தச் சான்றிதழுக்கு வேலை இல்லை. இங்கே நம் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நம் ரப்பர் தோட்டங்களில் சருகு நிறத்திலேயே கிடக்கும் குழிவிரியனுக்கு, இப்போதுள்ள விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அந்த மருந்து, இருளர் சங்கம் விஷம் எடுப்பதாக மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கு உரியது. “சின்னப் பாம்புதானே” என்று வாளியில் போட்டுக்கொள்கிறவர்கள் இந்தக் குழிவிரியனையே வேறு ஏதோ என்று நினைத்துத் தூக்கிவிடக்கூடும். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. வீட்டில் ரகசியமாக வளர்த்துக் கடி வாங்கினால் அது மருத்துவமனையோடு முடிந்துபோகும் என்று எண்ண வேண்டாம்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் தொலைபேசியிலிருந்தே சரக அலுவலகத்தை அழைத்தான். மதியத்துக்குள் இருவர் ஜீப்பில் வந்தார்கள். பிடித்த இடம், நேரம், நீளம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓடைக்கரையில் விடலாம் என்று முடிவாயிற்று. அவனும் கூடப் போனான்.

வனக்காவலர் வாளியைச் சரித்து வைத்தபோது குட்டி கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லையாம். பிறகு தலையை நீட்டி, நாக்கை இரண்டு முறை வெளியே விட்டுப் பார்த்து, சருகுக்குள் போய்விட்டதாம். சாயங்காலம் காலி வாளியை என் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்: “ஓட்டை போட்டுவிட்டேன் சார், இனி இதில் தண்ணீர் நிற்காது. செடி வைத்துக்கொள்ளுங்கள்.”